ஜி41 மதர்போர்டில் புது 4 ஜிபி டிடிஆர்3 ராம் போட்டால் டிஸ்ப்ளே வரவில்லை, பழைய 2 ஜிபி மட்டும் ஓடுகிறது

ராம் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் போர்டுக்கு அந்த வகை ராம் பொருந்தாது. போர்டை மாற்றச் செலவு செய்துவிடாதீர்கள்.

புது ராமில் ஒரு பக்கம் மட்டும் 8 சிப் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான். 4 ஜிபியை எட்டு சிப்பில் அடக்கினால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). போர்டில் ராமைக் கையாளும் ஜி41 சிப்செட்டுக்கு 2 ஜிகாபிட் சிப் வரைதான் படிக்கத் தெரியும். அதனால் இரண்டு பக்கமும் எட்டெட்டாக, மொத்தம் 16 சிப் உள்ள 4 ஜிபி ராம்தான் வேண்டும். ராமில் போட்டிருக்கும் 1600 என்ற வேகம் பிரச்சினையே இல்லை, போர்டு தானாகக் குறைத்துக்கொள்ளும்.

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, புது ராமின் தங்க நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். அப்புறம் அதே ராமை 4 ஜிகாபிட் சிப்பையும் படிக்கும் எச்61 போர்டு உள்ள ஒரு சிஸ்டத்தில் போடுங்கள். அங்கே ஓடினால் ராம் நல்லதுதான், சந்தேகம் தீர்ந்தது.

ராம் வாங்கிய டவுன்ஹால் ரோடு கடையில் மாற்றித் தருவார்களா என்று கேட்டிருந்தீர்கள். பில்லோடு சீக்கிரம் போய், "ஜி41-க்கு, 16 சிப்" என்று சொல்லியே கேளுங்கள். வெறுமனே "டிடிஆர்3 4 ஜிபி" என்றால் மறுபடியும் இதையேதான் எடுத்துத் தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை: 16 சிப் இருந்தும் "ஏஎம்டிக்கு மட்டும்" (ஏஎம்டி பிராசஸர் உள்ள போர்டுக்கு மட்டும்) என்று மலிவாக விற்கும் ராம் உண்டு. இன்டெல் போர்டான உங்களுடையதில் அது ஓடாது. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.