64-ஆ, 2,975-ஆ?

கேள்வி: 2017-இல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய மரியா சூறாவளியில் 64 பேர் இறந்ததாக ஒரு நூலிலும், 2,975 பேர் இறந்ததாக இன்னொன்றிலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டுமே அத்தீவின் அரசு வெவ்வேறு காலத்தில் ஏற்றுக்கொண்ட எண்கள்தாம். இறப்புச் சான்றிதழில் புயலே காரணம் என்று குறிக்கப்பட்டவர்களை மட்டும் கூட்டினால் 64 வரும். ஆனால் செப்டம்பர் 20 அன்று மரியா கடந்து சென்ற பிறகு, கடைசி வீடுவரை மின்சாரம் திரும்பி வர ஏறக்குறைய 11 மாதங்கள் ஆயின. இன்சுலின் வைத்திருந்த குளிர்பதனப் பெட்டி நின்றுபோன வீட்டையும், ஆக்சிஜன் கருவிக்கு மின்சாரம் இல்லாமல் மூச்சுக்குத் தவித்த முதியவரையும் எண்ணிப் பாருங்கள். அவர்களின் சான்றிதழில் சர்க்கரை நோய் என்றும் நுரையீரல் நோய் என்றும்தான் எழுதியிருக்கும்; புயலின் பெயர் அதில் இருக்காது.

புயலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில், வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது கிடைத்த மதிப்பீடே 2,975. 2018 ஆகஸ்டில் அரசு அதை ஏற்றது. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூனில், தலைநகர் சான் ஹுவானில் உள்ள தீவின் சட்டமன்றக் கட்டடத்தின் முன் மக்கள் இறந்தவர்களின் நினைவாகக் காலணிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். கணக்கில் வராமல் போனவர்களுக்காக அவர்களின் உறவினர்கள் கேட்ட நியாயம் அது. அந்தக் காட்சி என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

மறு ஆய்வில் எண்ணிக்கை கூடத்தான் வேண்டும் என்பதில்லை. 2005-இல் அமெரிக்காவைத் தாக்கிய கேத்ரினா சூறாவளியில் இறந்தவர்கள் 1,833 பேர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்ததை, அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையம் 2023-இல் 1,392 எனத் திருத்தியது. ஆகவே ஓர் எண்ணைப் பார்த்தவுடன், அதில் யாரைச் சேர்த்தார்கள், எந்த நாள்வரை எண்ணினார்கள் என்று கேட்பதே முறை.

கேள்வி: அமெரிக்காவில் வீட்டுக்குக் காப்பீடு செய்தவர்கள்கூடப் புயலுக்குப் பின் கடனாளி ஆவது எதனால்?

பதில்: பெரும்பாலும் தண்ணீரால். அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீடு காற்றால் விளையும் சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. வெள்ளத்துக்கென 1968-இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியே சேர வேண்டும். பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வருமாதலால், புயல் வருகிறது என்று கேட்டபின் சேர்ந்து பயனில்லை. வீட்டுக் கட்டடத்துக்கு அதில் கிடைக்கும் உச்சத் தொகை 2,50,000 டாலர். 2017-இல் ஹார்வி சூறாவளி டெக்சாஸில் மழையாகக் கொட்டித் தீர்த்தபோது, நீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் காப்பீடு இல்லை.

கேத்ரினாவுக்குப் பின் மிசிசிப்பிக் கடற்கரையில் பல மனைகளில் எஞ்சியது அடித்தளக் கான்கிரீட் மட்டுமே. சுவரும் கூரையும் போன இடத்தில், முதலில் இடித்தது காற்றா, கடல் நீரா என்று எதைக் காட்டி நிரூபிப்பது? அந்த ஒரு கேள்வியில் பல குடும்பங்கள் நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன.

டாலரில் கணக்கிடும் சேதமும் முழு இழப்பைக் காட்டிவிடாது. கேத்ரினா, ஹார்வி இரண்டின் சேதமும் தலா 12,500 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸ், நிகரகுவா நாடுகளைச் சிதைத்து 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் சேதமோ சுமார் 600 கோடி டாலர்தான். மண்சரிவில் புதைந்த ஏழை ஊர்களின் வீடுகளுக்கு டாலரில் பெரிய விலை கிடையாது. சேத மதிப்பை மட்டும் வைத்துப் புயல்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் மிட்ச் மிகவும் கீழே கிடப்பதற்கு அதுவே காரணம்.