கருப்பு அடுக்குகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு

ஐயா, வணக்கம்.

செப்டம்பரில் பிள்ளைகளோடு மகாராஷ்டிராவின் பஞ்சகனி மேட்டுநிலத்துக்குப் போகிறோம். எரிமலைப் பாறை என்று நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் ஆசை வந்தது. படங்களில் பார்த்தால் எரிமலையையே காணோம், வெறும் பொட்டலாக இருக்கிறது. எதைப் பார்ப்பது? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

கூம்பு மலையைத் தேடாதீர்கள், அங்கே அது கிடையாது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தரை நீளநீளமாகப் பிளந்து, எரிமலைக்குழம்பு வெள்ளமாகப் பரவியது. அது இறுகியதுதான் பசால்ட் என்ற கரும்பாறை. அதன்மேல் அடுத்த வெள்ளம், அப்புறம் இன்னொன்று. இன்று மிஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர்.

என்னைக் கேட்டால், உச்சியைவிட ஏறும் வழிதான் முக்கியம். வாய் நகரிலிருந்து பசரணி மலைப்பாதையில் ஏறும்போது பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். எதிர்மலைகள் படிக்கட்டு போலத் தெரியும். ஒவ்வொரு குழம்படுக்கிலும் கெட்டியான பகுதி செங்குத்தாக நிற்கிறது, குமிழிகள் நிறைந்த பகுதி கரைந்து சரிவாகிவிட்டது. அந்த மலைகளில் சாலைக்காக வெட்டிய இடங்களில் இரண்டு கருப்பு அடுக்குகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை தென்பட்டால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஒரு குழம்பு ஆறி, வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாகி, அடுத்த குழம்பு வந்து அதை மூடும்வரை கழிந்த காலம்தான் அந்தப் பட்டை. அங்கே நான் பார்த்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல நம் பக்கமே வழி இருக்கிறது. கிளம்பும் முன் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது பவளக்கல், கடலில் சின்னஞ்சிறு உயிர்கள் கட்டியது. பசால்ட்டில் எந்த உயிரின் கையும் இல்லை. அதிலுள்ள துளைகள் வாயு வெளியேறிய குமிழிகள். சிலவற்றில் பின்னால் ஊறிய நீர் விட்டுச்சென்ற வெள்ளைப் படிகங்கள் இருக்கும். பெயர்த்து எடுக்க வேண்டாம்.

மேலே, சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், காலடியில் இருப்பது செம்புரைக்கல். மழை அதே பசால்ட்டை நெடுங்காலம் அரித்து, இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் மிச்சம் வைத்தது. குதிரைவண்டியில் ஏறாமல் விளிம்புவரை நடந்தே போங்கள்.

செப்டம்பர் என்பதால் சாத்தாரா அருகே காஸ் மேட்டுநிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கும் செம்புரைக்கல்தான். மெல்லிய, சத்தில்லாத மண். அதனால்தான் பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடிகள்கூட அங்கே பூக்கின்றன. பூக்காலத்தில் கூட்டம் நெரியும், சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள்.