உறைபனியில் எந்தப் பனை? – கடிதம்

அன்புள்ள அக்கா,

டல்லாஸ் பக்கத்தில் பிளானோவில் போன வருடம் வீடு வாங்கினோம். எனக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். வாசலில் பனை மாதிரி ஏதாவது நின்றால் நன்றாக இருக்கும் என்று ஆசை. நர்சரியில் மெக்சிகன் ஃபேன் பாம் மலிவாகக் கிடைக்கிறது, சீக்கிரம் கூரையைத் தாண்டிவிடுமாம். எதிர்வீட்டுக்காரர் 2021 பிப்ரவரியில் தன் மரம் இரண்டும் செத்துப்போனதைச் சொல்லி வேண்டவே வேண்டாம் என்கிறார். என் கணவரோ அரசாங்கத்தின் குளிர் மண்டல வரைபடத்தைக் காட்டி, "இப்போதெல்லாம் குளிர் குறைந்துவிட்டது" என்கிறார். கம்பளி சுற்றி, சீரியல் லைட் போட்டால் காப்பாற்ற முடியாதா? நம் ஊர்ப் பனையையே வைத்துப் பார்க்கலாமா?

ர., பிளானோ

அன்புள்ள ர.,

எதிர்வீட்டுக்காரர் பேச்சைக் கேளுங்கள்.

உங்கள் கணவர் காட்டும் வரைபடத்தில் தப்பில்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையை எடுத்து, முப்பது வருடத்துக்குச் சராசரி போட்டு வரைந்தது அது. 2023இல் வந்த புதிய வரைபடத்துக்கு எடுத்துக்கொண்டது 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. டெக்சாஸில் பனை வகைகளை வாரிக்கொண்டு போன 1983 டிசம்பரும் 1989 டிசம்பரும் அதற்கு முன்னால் விழுந்துவிட்டன. 2021 பிப்ரவரி அதற்குப் பின்னால் வந்தது. ஆக, நீங்கள் பயப்பட வேண்டிய மூன்று குளிரும் அந்தக் கணக்கிலேயே இல்லை! உங்கள் 8ஆம் மண்டலத்துக்கு வரைபடம் சொல்வது 10 முதல் 20 பாரன்ஹீட் வரை, அதாவது சுமார் மைனஸ் 12 முதல் மைனஸ் 7 செல்சியஸ். 2021 பிப்ரவரி 16 அன்று டல்லாஸ் விமான நிலையத்தில் பதிவானது மைனஸ் 2 பாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 19 செல்சியஸ். அப்படி ஒரு ராத்திரியை மனதில் வைத்துத்தான் மரம் வாங்க வேண்டும்.

மற்ற மரங்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் இருக்கும் லைவ் ஓக் மரத்தின் நுனியெல்லாம் கருகினாலும் கீழே எங்காவது மொட்டு வெடித்துத் துளிர்க்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு இருப்பது ஒரே ஒரு குருத்து. அது செத்தால் கதை முடிந்தது. தண்டுக்குள்ளும் அதே சிக்கல்தான். பட்டைக்கடியில் புதுத் திசு உண்டாக்கும் அடுக்கு பனைக் குடும்பத்துக்குக் கிடையாது. நீர் ஏற்றும் குழாய்கள் உறைந்து கெட்டால் கெட்டதுதான், மறுபடி வளராது. அதனால்தான் 2021இல் ஒரு கோடை முழுக்கப் பச்சையாக நின்றுவிட்டு அப்புறம் சரிந்த மரங்களும் உண்டு.

மெக்சிகன் ஃபேன் பாம் 20 பாரன்ஹீட் பக்கம் வந்தாலே இலை கருகும். பத்துக்குப் போனால் பிழைப்பது அபூர்வம். மலிவாக விற்பதற்குக் காரணம் அது வேகமாக வளர்வது, வேறொன்றும் இல்லை. 'சில்வெஸ்டர் பாம்' என்று ஒன்றைக் கொழுத்த விலைக்குக் காட்டுவார்கள், பார்த்ததும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். நம் நாட்டு ஈச்சமரம்தான். வங்காளத்தில் இதன் பதநீரில்தான் வெல்லம் காய்ச்சுகிறார்கள். சான் அன்டோனியோ, ஹூஸ்டன் பக்கம் பங்களா வாசல்களிலும் கடை வளாகங்களிலும் வரிசையாக வைத்திருந்தார்கள். 2021 குளிரில் அவையும் ஏராளமாகப் போயின.

நீங்கள் வைக்க வேண்டியது சேபல் மைனர். டெக்சாஸ்காரர்கள் டுவார்ஃப் பால்மெட்டோ என்பார்கள். வடக்கே ஓக்லஹோமாவின் தென்கிழக்கு மூலை வரை காட்டில் தானாக வளர்கிறது. கோன்சாலஸ் அருகே பால்மெட்டோ ஸ்டேட் பார்க் என்று ஒரு பூங்காவுக்கே இதனால்தான் அந்தப் பெயர், ஒருநாள் போய்ப் பாருங்கள். பனையோலை போலவே விசிறி இலை, இடுப்புயரமோ கொஞ்சம் கூடவோ வரும். இதன் தண்டும் குருத்தும் பெரும்பாலும் மண்ணுக்கடியிலேயே இருக்கும். ஊரில் பனங்கொட்டை முளைக்கும்போது முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்கு விடுமே, ஏறக்குறைய அந்தக் குணம். மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் மண் அந்த அளவுக்குக் குளிராது. அதுதான் இதன் ரகசியம்.

நீடில் பாம் இதைவிடவும் குளிர் தாங்கும், ஆனால் முள் பயங்கரம், குழந்தைகள் உள்ள வீட்டு வாசலுக்கு நான் சொல்ல மாட்டேன். உயரம் வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால் சீனத்து விண்ட்மில் பாம் ஒன்றை வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, வாடைக்காற்று படாத இடத்தில் வையுங்கள். டல்லாஸ் பகுதியில் 2021இல் இதில் சில பிழைத்தன, சில போயின. போனால் போகட்டும் என்று வைப்பதானால் சரி.

கம்பளி விஷயம். மரம் தனக்குள் சூடு உண்டாக்குவதில்லை, எனவே வெறும் கம்பளி குளிரைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒரு ராத்திரிக்குப் போதும், பல நாள் உறைந்து கிடந்தால் போதாது. உள்ளே சூடு வேண்டும். அதற்குத்தான் சீரியல் லைட், அதுவும் பழைய குண்டு பல்பு வகை. இப்போது கடையில் கிடைக்கும் எல்இடி அழகுக்கு ஆகும், சூட்டுக்கு ஆகாது. இதையெல்லாம் கச்சிதமாகச் செய்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2021இல் டெக்சாஸில் வீடுகள், வணிக இடங்கள் எல்லாம் சேர்த்து 45 லட்சத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் போயின. மரத்துக்குச் சூடு மிக அவசியப்பட்ட நேரத்தில்தான் பல்பு அணைந்தது. மனிதர்களே வீட்டுக்குள் விறைத்துச் செத்துக்கொண்டிருந்தபோது வாசல் மரத்தை யார் கவனிப்பார்கள்?

நம் ஊர்ப் பனை வேண்டாம். உறைபனி அதற்குப் பழக்கமில்லை. தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுக்கலாம் என்றால் கிழங்கு இறங்க ஆழம் போதாது. தென்னையை நீங்கள் கேட்கவே இல்லை, அந்த வரைக்கும் நல்லது.

சேபலை மே மாதம், மண் சூடேறிய பிறகு நடுங்கள். இலையுதிர் காலத்தில் தள்ளுபடி போடுவார்கள், ஏமாற வேண்டாம், வேர் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும். உங்கள் மண் விளாத்திகுளத்துக் கரிசல் மாதிரிதான், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சேபலுக்கு அது பிரச்சினையில்லை. விண்ட்மில்லுக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது, கொஞ்சம் மேடாக்கி வையுங்கள்.

கடுங்குளிர் அடித்துப்போன பிறகு இலை எல்லாம் பழுப்பாகத் தொங்கும். உடனே வெட்டாதீர்கள், அடுத்த குளிருக்குக் குருத்தின் போர்வை அதுதான். வசந்தத்தில் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகல். தென்னையில் குருத்தழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுவார்களே, இங்கும் தாமிர மருந்தைத்தான் குருத்துக்குள் ஊற்றுகிறார்கள். ஊற்றிவிட்டு ஜூன் வரை பொறுங்கள். அதற்குள் பச்சை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பிழைத்தது. ஜூலையிலும் ஒன்றும் வரவில்லை என்றால் வெட்டிவிடலாம்.

சேபல் மெதுவாகத்தான் வளரும். கொட்டை போட்டு முளைக்க வைக்க வேண்டாம், மூன்று நான்கு வருடம் ஆன செடியாகவே வாங்குங்கள்.

அன்புடன்.