பழைய கணக்கு திறக்கிறது, புதியது திறக்கவில்லை

கேள்வி: எங்கள் தேயிலைக் கொள்முதல் நிலையத்தில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை 5.7 பதிப்பிலிருந்து 8.0-க்கு மாற்றினோம். பழைய பயனர்கள் உள்ளே போகிறார்கள். புதிதாகச் சேர்த்தவரை மட்டும் எடைக் கணக்கு மென்பொருள் ஏற்க மறுக்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கடவுச்சொல்லில் பிழை இல்லை அம்மா. 2018-இல் வந்த 8.0, புதிய பயனர்களுக்கான கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை மாற்றியது. பழைய கணக்குகளைத் தொடவில்லை. உங்கள் மென்பொருளின் இணைப்பு நிரலுக்குப் புதிய முறை தெரியாது. அதைப் புதுப்பியுங்கள். பழைய முறைக்கே திரும்பச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: 9.0-இல் அது அறவே நீக்கப்பட்டுவிட்டது.

அதே 8.0-தான் இயல்பான எழுத்துக் குறியீட்டை தமிழ் எழுத்துகள் இல்லாத லத்தீன்1-இலிருந்து, தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றியது. குன்னூரில் ஒருமுறை, விவசாயிகளின் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக நின்ற பட்டியலைப் பார்த்து மனம் நொந்தவன் நான். இந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால் உங்கள் பழைய அட்டவணைகள் தாமாக மாறா. காப்புப் பிரதி எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.