ஸ்னோபுளோவர் வாங்கும் முன் டிரைவ்வே முனையைப் பாருங்கள்

கேள்வி: தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை கார் வரும் எங்கள் டிரைவ்வேயில் இரண்டு கார் பக்கம் பக்கமாக நிற்கும். வீட்டை ஒட்டிய பாதி தார், தெருவை ஒட்டிய பாதி சரளைக்கல். ஷவலால் பனியை அள்ளி அள்ளி இடுப்பு போய்விட்டது. பனியை அள்ளி வீசும் மெஷின், அதாவது ஸ்னோபுளோவர், வாங்கலாம் என்றால் சிங்கிள் ஸ்டேஜ், டூ ஸ்டேஜ், பேட்டரி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

சரளைக்கல் என்று சொன்னதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. சிங்கிள் ஸ்டேஜில் முன்னால் சுழலும் ரப்பர் துடுப்புகள் தரையை வழித்துக்கொண்டே போகும். தார்த் தரை துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும், ஆனால் சரளையில் ஓட்டினால் பனியோடு கல்லையும் வாரி வீசும், அது யார் வீட்டு ஜன்னலில் போய் விழுமோ தெரியாது. டூ ஸ்டேஜில் இரும்புத் திருகு பனியை அள்ளி உள்ளே தள்ள, பின்னால் இருக்கும் விசிறி அதைத் தூக்கி வீசும். இரண்டு பக்கமும் சறுக்குக் கட்டைகள் உண்டு. அவற்றின் போல்ட்டைத் தளர்த்தி வாய்ப்பகுதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் கல்லைத் தொடாது. அடியில் மிஞ்சும் பனி மிதிபட்டு இறுகிப்போகும், அதுவும் நல்லதுதான், கல் அசையாமல் கிடக்கும்.

அப்புறம், தெருவில் பனியை ஒதுக்கும் வண்டி போகிற போக்கில் உங்கள் டிரைவ்வே முனையில் ஒரு பனி வரப்பு கட்டிவிட்டுப் போகுமே, மெஷினுக்கு உண்மையான பரீட்சை அங்கேதான். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ, பல நேரம் அதற்கும் குறைவு. நனைந்து இறுகிய வரப்பு அதைப்போல நான்கைந்து மடங்கு கனக்கும். 20 சென்டிமீட்டர் புதுப்பனியைச் சுலபமாக எடுக்கும் சிங்கிள் ஸ்டேஜ் இதில் முட்டி முட்டி நின்றுவிடும். ஆகவே உங்களுக்கு என் யோசனை 24 அங்குல அகலமுள்ள பெட்ரோல் டூ ஸ்டேஜ். அதைவிட அகலம் வேண்டாம், இதுவே நல்ல கனம். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் விடுவித்துத் திருப்பும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள், இல்லையென்றால் மறுபடியும் இடுப்புதான்.

பேட்டரி மோசமில்லை. சின்ன டிரைவ்வே, முழுக்கத் தார் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் குளிரில் அதன் ஓட்டம் குறையும், பேட்டரியை வீட்டுக்குள் வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும்.

மெஷினோடு நாலைந்து ஷியர் பின்னும் வாங்கிக்கொள்ளுங்கள். திருகுத் தண்டின் குறுக்கே இருக்கும் சின்ன போல்ட் அது. ஐஸ் கட்டியோ செய்தித்தாள் சுருளோ சிக்கினால், அது தானே முறிந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். முறிந்த இடத்தில் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை ஒருமுறை மாட்டினேன், அந்த வருஷமே கியர்பாக்ஸ் மாற்ற வேண்டியதாயிற்று. சீசன் முடிந்ததும் பெட்ரோலை டேங்கில் விட்டுவைக்காதீர்கள், கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே எஞ்சினை ஓட விடாதீர்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

கடைசியாக, ஈரப்பனி வீசும் குழாயை அடைத்துக்கொண்டால் கையை உள்ளே விடவே விடாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் உள்ளே இறுகி நிற்கும் விசிறி, அடைப்பு விட்டதும் ஒரு சுற்று சுற்றலாம், விரல் போக அது போதும். அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கோல் மெஷினில் செருகியிருக்கும். வாங்கும்போது அது இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.