கொட்டிலில் நின்ற எக்ஸ்எல்: வாங்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். பழைய டீவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு வருடமாகக் கொட்டிலில் நின்றதாம். "காபரேட்டரைக் கழுவினால் ஓடும்" என்கிறார் விற்பவர். தினமும் நுவரெலியாவுக்கு வேலைக்குப் போய்வரத் தாங்குமா?

பதில்: தாங்கும். ஆனால் காபரேட்டர் கழுவுவதுதான் இதில் மிகச் சின்ன வேலை.

போகும்போது ஸ்பானரும் டோர்ச்சும் கொண்டுபோங்கள். சைலன்சரைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டு புகைத் துவாரம் வழியாக பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்திருந்தால் முன்பே ஒருதரம் பிஸ்டன் இறுகிப் பிடித்த இன்ஜின். போர் அடிக்கும் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்) செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். துவாரம் கரியால் பாதி அடைத்திருந்தால் கவலை வேண்டாம், சுரண்டி எடுத்துவிடலாம். கழற்ற விடமாட்டேன் என்றால் அந்த வண்டியே வேண்டாம்.

பிறகு ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நல்ல ஏற்றத்தில் ஓட்டுங்கள். இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளச் சூ தேய்ந்திருக்கிறது. இரைச்சலும் சேர்ந்தே அடங்கினால் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) போய்விட்டது. சூடேறியபின் எக்ஸிலேட்டரை விட்டும் இன்ஜின் தானாக உறுமினால் கிராங்க் ஓயில் சீல் காய்ந்து காற்று இழுக்கிறது. நின்ற வண்டிக்கு இது சகஜம். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை விட்டால் புது பிஸ்டனும் பிடிக்கும்.

போர் அடிப்பதாக இருந்தால் முதலில் பிஸ்டனை வாங்கி லேத் பாஸின் கையில் கொடுங்கள். அதன் அளவுக்குத்தான் போர் வர வேண்டும். சிலிண்டர் துவார விளிம்புகளின் கூர்மையை மழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு புகைத் துவாரப் பக்கம் பார்க்கட்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஓயில் கலக்க வேண்டும். முதல் டேங்குக்கு மட்டும் 30.

இனி மலைநாட்டு விஷயம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலவையில் பெற்றோல் கூடிப் பிளக் கறுத்து ஈரமாக வந்தால், காபரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே போடுங்கள். பிளக் ப்ளேன்டீ நிறத்துக்கு வந்தால் சரி. கொழும்புக்கு இறங்குவதாக இருந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும், இன்ஜினையும் கொல்லும். ஓயில் பெற்றோலோடுதான் உள்ளே போகிறது. எக்ஸிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு இறம்பொடைப் பக்கம் இறங்கினால் இரண்டும் போதியளவு போகாது, பிஸ்டன் வறண்டுவிடும். அடிக்கடி ஒரு முறுக்கு முறுக்குங்கள். கியர் மாற்றி வேகத்தைப் பிடிக்க இதில் வழியில்லை, சுமை முழுவதும் பிரேக்குக்குத்தான். ஆகவே முதல் காசு பிரேக் சூவுக்கும் கேபிளுக்கும். டிரம் துருவைத் தேய்த்தெடுத்து, பிரேக் சூவை விரிக்கும் கேமுக்கு ஒரு பொட்டுக் கிரீஸ், லைனரில் படாமல். பெயின்ட் எல்லாம் கடைசியில்.

காசு கொடுக்குமுன் பதிவுப் புத்தகத்திலுள்ள இன்ஜின், செஸி நம்பர்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். உரிமைமாற்றப் படிவத்தில், புத்தகத்தில் பெயருள்ளவரே கையெழுத்திட வேண்டும். கைமாறிக் கைமாறி வந்த வெற்றுப் படிவத்தை வாங்காதீர்கள். நின்ற இரண்டு வருடத்துக்கும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப்படாமல் இருந்தால் நிலுவையும் தண்டமும் யார் கட்டுவது என்பதை அங்கேயே பேசி முடியுங்கள்.