ராத்திரி முழுக்க ஏற்றியும் 43 சதவீதம்தானா?

கேள்வி: குத்தாலம் பக்கம் கிராமம் சார். குறுவைக்கு நாற்று விடுவதிலிருந்து அறுவடை வரை போனில் எடுத்து யூடியூபில் போடுகிறேன். போன வாரம் 25 நிமிட வீடியோ ஒன்றை ராத்திரி 10 மணிக்கு ஏற்றத் தொடங்கினேன். 4கே, 60 ஃப்ரேமில் எடுத்தது, 10 ஜிபி இருக்கிறது. விடிந்து வயலுக்குக் கிளம்பும்போது பார்த்தால் 43 சதவீதத்தில் நிற்கிறது. நடுவில் கரண்டும் போய் வந்தது. 100 எம்பிபிஎஸ் பிளான்தான் போட்டிருக்கிறேன். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு 94, அப்லோடு 5 என்று வருகிறது. போனை மாற்றுவதா, கனெக்‌ஷனை மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். அந்த 5 என்ற எண்ணை எழுதி அனுப்பினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

வயலுக்குத் தண்ணீர் வருவது ஒரு வாய்க்கால், வடிவது இன்னொரு வாய்க்கால். பாய்ச்சல் வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வடிகால் தூர்ந்து கிடந்தால் வயல் மூழ்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 94 என்பது உங்களுக்கு வருவது. வீடியோ போவது அந்த 5-இல்தான். அந்த 5-ம் மெகாபிட் கணக்கு, போனில் காட்டும் ஃபைல் அளவு மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் உங்கள் வீட்டிலிருந்து நொடிக்கு 0.6 எம்பி அளவுதான் வெளியே போகிறது. 10 ஜிபி போய்ச் சேர நாலரை மணி நேரம்.

சரி, அப்படிப் பார்த்தாலும் ராத்திரி 10 மணிக்குத் தொடங்கியது 3 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 43 சதவீதம் ஏற ஏறத்தாழ 2 மணி நேரம் போதும், ஆக 12 மணி வாக்கில் நின்றுவிட்டிருக்கிறது. கரண்ட் எத்தனை மணிக்குப் போனது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், திரும்பி வந்தாலும் போன் தானாக விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று சொல்ல முடியாது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று திரை அணைந்த பிறகு ஆப்பையே போன் தூங்க வைத்துவிடுவதும் உண்டு. போன் செட்டிங்ஸில் யூடியூப் ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, சார்ஜில் போட்டு ஏற்றுங்கள். ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், நம் பக்கம் அது வாங்கத் தகுந்த பொருள். கம்ப்யூட்டர் வழியாக ஏற்றினால் இன்னொரு வசதி, பாதியில் அறுந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அதே ஃபைலைத் திரும்பத் தேர்ந்தெடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அப்புறம், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று இன்னொரு முறை ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். அங்கே அப்லோடு 40, 50 என்று வந்தால் கோளாறு வைஃபையில்தான். ரவுட்டர் கூடத்தில் இருக்க, இரண்டு சுவர் தாண்டித் திண்ணையில் உட்கார்ந்து ஏற்றினால் அப்படித்தான் ஆகும். பக்கத்திலும் அதே 5 என்றால் பிளானில் அப்லோடுக்கு எவ்வளவு என்று கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் கேளுங்கள். 100 என்று சொல்லி விற்பது பல இடங்களில் டவுன்லோடு மட்டும்தான். வீட்டில் வேறு போன்கள் அதே நேரத்தில் போட்டோ பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள், அதுவும் அதே வடிகாலில்தான் போகிறது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. நாற்றங்காலில் விதை எப்படித் தெளிக்கிறீர்கள் என்று காட்ட 4கே, 60 ஃப்ரேம் தேவையே இல்லை. 1080பி, 30 ஃப்ரேமுக்கு நொடிக்கு 8 மெகாபிட் இருந்தால் போதும் என்பது யூடியூபே சொல்லும் அளவு. அந்தக் கணக்கில் உங்கள் 25 நிமிடம் ஒன்றரை ஜிபிதான், இதே 5-இல் 40 நிமிடத்தில் ஏறிவிடும். அடுத்த வீடியோவுக்குக் கேமரா செட்டிங்ஸை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். மேட்டூர் திறந்ததும் பார்க்க வேண்டிய வீடியோ நடவு முடிந்த பிறகு வந்து யாருக்கு உதவும்?

கேள்வி: ஆடுதுறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கும்பாபிஷேகத்தில் அப்பா நாகஸ்வரத்தில் வாசித்த மல்லாரியை 4கே-யில் எடுத்து ஏற்றினேன். 100 சதவீதம் ஏறிவிட்டது, ஆனால் படம் கலங்கலாகத் தெரிகிறது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, "அப்பா முகமே தெரியலையே" என்கிறார். மூன்று தடவை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றிவிட்டேன், அதே கதைதான்.

பதில்: அழிக்காதீர்கள் அம்மா, தயவுசெய்து அழிக்காதீர்கள். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் வரிசையில் முதலிலிருந்து நிற்கிறீர்கள்.

ஏற்றுவது ஒரு வேலை, அதன்பின் யூடியூப் தன் கம்ப்யூட்டர்களில் அந்த வீடியோவைப் பல அளவுகளில் மாற்றி வைப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைதான் ப்ராசஸிங். உங்கள் நெட் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, போனை அணைத்தாலும் அது பாட்டுக்கு நடக்கும். முதலில் குறைந்த தரம் தயாராகும், சித்தப்பா பார்த்தது அதைத்தான். ஒரு மணி நேர 4கே வீடியோ, 30 ஃப்ரேமாக இருந்தாலே, முழுத் தரத்துக்கு வர 4 மணி நேரம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். 60 ஃப்ரேம் என்றால் இன்னும் கூடும். அதனால் ஏற்றும்போதே 'அன்லிஸ்டட்' என்று, அதாவது லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி, வைத்துவிடுங்கள். சில மணி நேரம் கழித்து வீடியோவைத் திறந்து, பல்சக்கரக் குறியைத் தொட்டுத் தரம் என்ற இடத்தில் 1080 அல்லது 2160 (அதுதான் 4கே) வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்த பிறகு 'பப்ளிக்' ஆக்கிவிட்டு சித்தப்பாவுக்கு லிங்க் அனுப்புங்கள்.

முன் கேள்விக்கு 4கே வேண்டாம் என்றேன், உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிற மண்ணில் இருந்துகொண்டு அப்பாவின் விரல் ஓட்டத்தைப் பதிந்து வைத்திருக்கிறீர்கள், அதைக் குறைந்த தரத்தில் எடுக்கவே கூடாது. ஒரிஜினல் ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். யூடியூபில் இருப்பது மறுபடி சுருக்கிய பிரதிதான்.

கேள்வி: மன்னார்குடி. 40 நிமிடக் கச்சேரி வீடியோ ஏறவே மாட்டேன் என்கிறது. 10 நிமிடத்துத் துண்டுகள் மட்டும் ஏறுகின்றன.

பதில்: நெட் பிரச்சினை இல்லை. போன் நம்பர் கொடுத்துச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. யூடியூப் கணக்கின் செட்டிங்ஸில் நம்பரைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைப் போடுங்கள். அதன்பின் 12 மணி நேரம் வரை ஒரே வீடியோவாகப் போடலாம்.